மின்தடைக்குப் பின் மடிக்கணினியில் எங்கள் வைஃபை பெயரே மறைந்துவிடுகிறது. கைப்பேசியில் மட்டும் தெரிகிறது

முற்றத்துவீடு, கீழக்கரை – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களாக என்னைப் படாத பாடு படுத்தும் ஒரு கோளாற்றை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்ன இடங்களிலெல்லாம் எனக்குச் சுருக்கமான பதில்தான் கிடைத்தது.

எங்களுடையது பழைய வீடு. ஒளியிழைக் கம்பி தெருவிலிருந்து உள்ளே நுழையும் முன்னறையிலேயே ரவுட்டரைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். நான் வேலை செய்யும் அறையோ நடுக்கூடத்தையும் திறந்த முற்றத்தையும் தாண்டிப் பின்கட்டில் இருக்கிறது. இடையில் இரண்டு சுண்ணாம்புச் சுவர்கள். கதவு நிலையில் கை வைத்து அளந்தால் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேலேயே வருகிறது. கருவாட்டு வியாபாரிகள் சிலருக்கும் தெருவில் உள்ள இரண்டு கடைகளுக்கும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில் என்பதால், மாதந்தோறும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கும்போது இணைப்பு இல்லையென்றால் எனக்குக் கையொடிந்த மாதிரிதான்.

கோளாறு இதுதான். மின்சாரம் போய்த் திரும்பி வந்த பிறகு, எல்லா நாளும் இல்லை, சில நாட்களில் மட்டும், மடிக்கணினியின் வைஃபை பட்டியலில் எங்கள் வீட்டுப் பெயர் தெரிவதே இல்லை. பக்கத்து வீட்டுப் பெயரும் எதிர்வீட்டுப் பெயரும் வழக்கம்போல் தெரிகின்றன. அதே மேசையில் வைத்திருக்கும் கைப்பேசியில் எங்கள் பெயர் தெரிகிறது, இணையமும் வருகிறது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் ரவுட்டருக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கும் பெயர் வரவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில வேளை வந்துவிடுகிறது. சில வேளை மூன்று நான்கு முறை அணைத்துப் போட வேண்டியிருக்கிறது.

விண்டோஸில் பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். வைஃபை அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளையும் மீண்டும் நிறுவினேன். இணைப்பு நிறுவனத்திலிருந்து வந்த பையன் தன் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்துக் காட்டி, தங்கள் பக்கத்தில் குறையில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். கணினிக் கடையில் வைஃபை அட்டை போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். இது ஏழெட்டு ஆண்டுப் பழைய மடிக்கணினி. என் காக்கா (அண்ணன்) விடுமுறையில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. அதன் சார்ஜர் நம் வீட்டுப் பிளக்கில் பொருந்தாததால் மாற்றுச் செருகி ஒன்றைப் போட்டிருக்கிறேன். அது எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் சரியாக ஏறாததால்தான் வைஃபை அட்டை மயங்குகிறதோ என்றும் எனக்கு ஐயம் உண்டு.

பெயர் தெரிந்து இணைந்திருக்கும் நாட்களிலும் பின்கட்டில் வேகம் மிகக் குறைவு. இரண்டும் ஒரே கோளாறா, வெவ்வேறா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

ஓலைக்கூரை, பெரியபட்டினம்

லாத்தா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: யார் சொன்னாலும் ரவுட்டரின் பின்புறம் ஊசித் துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமல்லாமல், இணைப்பு நிறுவனம் உள்ளே பதிந்து வைத்திருக்கும் பயனர் விவரங்களும் அழிந்துபோகக்கூடும். பிறகு அவர்கள் ஆள் வரும்வரை வீடு முழுவதற்கும் இணையம் இருக்காது. நான் அப்படி அழுத்திவிட்டு நான்கு நாட்கள் காத்திருந்தவன்.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையைத் திறந்தால், மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இந்தக் கருவியை அணைத்துவிடக் கணினிக்கு அனுமதி தரும் ஒரு கட்டம் இருக்கும். அதில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். தூங்கி எழுந்த கணினி வைஃபையை மறந்துபோவதற்கு அது ஒரு பொதுவான காரணம்.

இன்னொன்று என் ஊகம்தான். நாம் கடலோரத்தில் இருக்கிறோம். கப்பல்களிலும் பெரிய படகுகளிலும் உள்ள ராடார் நம் வைஃபையைக் கெடுக்கிறதோ என்று எனக்கு நெடுநாளாக ஐயம் இருக்கிறது. ராடார் குறுக்கிட்டால் ரவுட்டர் தன் சேனலை (தான் பேசும் அலைத் தடத்தை) விட்டு ஓடிவிடும் என்று எங்கோ படித்த நினைவு.

வடகடல், தேவிபட்டினம்

அம்மா, நீங்கள் விரிவாக எழுதியது நல்லதாயிற்று. விடை உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி கிடக்கிறது.

பெயர் பட்டியலில் தெரியாமல் போவது, பெயர் தெரிந்தும் இணையாமல் போவது, இணைந்த பிறகும் இணையம் வராமல் போவது ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதால்தான் பெரும்பாலான வீடுகளில் டிரைவரை நிறுவி நிறுவியே மாதக்கணக்கில் போகிறது. உங்களுடையது முதல் வகை. ரவுட்டருக்கு நேர் கீழே உட்கார்ந்தும் பெயர் தெரியவில்லை என்பதால் சுவர்கள் மீது பழி இல்லை. அதே நேரத்தில் எதிர்வீட்டுப் பெயர் தெரிகிறது என்பதால் அட்டையும் உயிரோடுதான் இருக்கிறது. செருகி ஆடி அட்டை மயங்குவதாக இருந்தால் எதிர்வீடும் சேர்ந்தே மறைய வேண்டுமே! கைப்பேசியில் பெயர் தெரிவதால் ரவுட்டரும் ஊமையாகிவிடவில்லை. ஆக, ரவுட்டர் பேசுகிறது, மடிக்கணினியும் கேட்கிறது. ஆனால் ரவுட்டர் பேசும் இடம் மடிக்கணினி காது கொடுக்கும் இடமாக இல்லை.

அப்படி நேர இரண்டு வழிகள் உண்டு. ரவுட்டர் பேசும் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏதோ காரணத்தால் எழாமல் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் கைப்பேசியில் வேறுபாடு தெரியாது. உங்கள் பழைய மடிக்கணினி 2.4 மட்டுமே அறிந்ததாக இருந்தால் அதற்கு எதுவும் தெரியாது. இது ஒன்று. மற்றதுதான் நான் வலுவாக ஐயப்படுவது. அதற்குக் காரணம் அந்த ஆடும் மாற்றுச் செருகி. மடிக்கணினி எந்த நாட்டில் வாங்கப்பட்டது என்பதை நீங்கள் எழுதவில்லை. சார்ஜரின் செருகியில் தட்டையான தகடுகள் இருக்கின்றனவா? எண் 4 உள்ள விசையில் ரூபாய்க் குறி இல்லாமல் டாலர் குறி மட்டும் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முதல் சேனல் 2412 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது; அடுத்தடுத்தவை ஐந்தைந்து மெகாஹெர்ட்ஸ் தள்ளி அமைந்து, 13ஆம் சேனல் 2472இல் முடிகிறது. ஐரோப்பாவைப் போலவே இந்தியாவிலும் இந்தப் பதின்மூன்றையும் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் விற்கும் கருவிகளோ பொதுவாக 1 முதல் 11 வரையோடு நின்றுவிடுகின்றன. எனவே, அங்கே வாங்கிய பல வைஃபை அட்டைகள் 12, 13 சேனல்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சுற்றியுள்ள ரவுட்டர்களின் அறிவிப்பிலிருந்து நாட்டைத் தெரிந்துகொண்டு தம்மை மாற்றிக்கொள்ளும் அட்டைகளும் உண்டு, எல்லாம் அப்படியல்ல. கைப்பேசி பெரும்பாலும் செல்பேசிக் கோபுரத்திலிருந்தே தான் எந்த நாட்டில் இருக்கிறது என்பதை அறிந்துகொள்வதால் அதற்கு இந்தச் சங்கடம் இல்லை.

மின்தடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ரவுட்டரில் சேனல் தேர்வு தானியங்கியாக விடப்பட்டிருந்தால், அது விழித்தெழும்போது சுற்றிலும் கேட்டுப் பார்த்து நெரிசல் குறைந்த இடத்தில் போய் உட்காரும். ஒவ்வொரு வைஃபையும் ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்வதால், ஒன்றையொன்று இடிக்காமல் இருப்பதற்காகப் பெரும்பாலான ரவுட்டர்கள் 1, 6, 11 ஆகியவற்றிலேயே கூடுகின்றன. ஆகவே, சில ரவுட்டர்களுக்கு 13 காலியாகத் தெரிகிறது. மின்சாரம் திரும்பும்போது உங்கள் தெருவில் உள்ள அத்தனை ரவுட்டர்களும் ஒரே நேரத்தில் எழுந்து இடம் தேடுகின்றன அல்லவா? எது முந்தும், எது பிந்தும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். அதனால்தான் சில நாள் உங்களுக்குப் பெயர் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை.

ஊகத்தை ஊகமாகவே விட வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பெயர் மறையும்போது, ரவுட்டரை அணைத்துப் போடுவதற்கு முன்பாகவே, உங்கள் வீட்டுப் பெயர் எந்தச் சேனலில் இருக்கிறது என்று அதில் பாருங்கள். 12 அல்லது 13 என்று இருந்தால் வழக்கு முடிந்தது. 36, 149 போன்ற பெரிய எண் (5 கிகாஹெர்ட்ஸ் சேனல்) மட்டும் தெரிந்தால் நான் முதலில் சொன்னதுதான் காரணம்.

பெரியபட்டினத்துத் தம்பிக்கு: படகுகளில் உள்ள ராடார் பெரும்பாலும் 9.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குவது. அது வைஃபையின் வழிக்கே வருவதில்லை. மீனவர்களின் விஎச்எஃப் வயர்லெஸ்ஸோ 160 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது, அதுவும் இல்லை. நீங்கள் படித்தது 5 கிகாஹெர்ட்ஸைப் பற்றியது. அதில் 52 முதல் 144 வரையிலான சேனல்களை வானிலை ராடார் போன்றவற்றோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால், ராடார் அலை தென்பட்டால் ரவுட்டர் விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்தச் சேனல்களில் தொடங்கும் முன்பும் குறைந்தது ஒரு நிமிடம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 2.4க்கு இந்த விதி பொருந்தாது.

முற்றத்துவீடு, கீழக்கரை

ஐயா, தட்டையான தகடுகள்தான். 4ஆம் விசையில் டாலர் குறி மட்டுமே இருக்கிறது. காக்கா அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் அங்கே வாங்கியதுதான் இது. அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மின்சாரம் போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. மடிக்கணினியில் பெயர் இல்லை. மறைந்ததற்காக முதன்முறையாக மகிழ்ந்தேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். செயலியைத் திறந்தேன். மலை மலையாக வரைந்திருந்த கோடுகளில் எதிர்வீடு 1இல், பக்கத்து வீடும் இன்னும் இரண்டு பெயர்களும் 6இல், முகம் தெரியாத ஒருவர் 11இல். எங்கள் வீடு மட்டும் வலது ஓரத்தில் 13இல் தனியாக நின்றது.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த தாளில் இருந்த கடவுச்சொல்லைக் கொண்டு, கைப்பேசியிலேயே 192.168.1.1 என்ற முகவரியைத் திறந்து, 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் தானியங்கி என்றிருந்ததை 11 என்று மாற்றிச் சேமித்தேன். பத்து நொடிகூட ஆகியிராது. மடிக்கணினி தானாகவே இணைந்துகொண்டது. கடைக்காரரிடம் வைஃபை அட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி இரண்டாவது கோளாறு. அதே செயலியில் பார்த்தபோது, ரவுட்டரின் கீழே 2.4க்கு கழித்தல் 38 என்றும் பின்கட்டு மேசையில் கழித்தல் 74 என்றும் காட்டியது. 5க்கான எண் மேசையில் கழித்தல் 88இல் தொங்கிக்கொண்டிருந்தது. இதை எப்படிப் புரிந்துகொள்வது? அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் வைஃபை எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்கிப் பின்கட்டிலேயே மாட்டினால் போதுமா?

வடகடல், தேவிபட்டினம்

அந்த எண் டெசிபெல் கணக்கு. பத்து குறைந்தால் அலையின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. மூன்று குறைந்தால் ஏறக்குறையப் பாதியாகிறது. 38க்கும் 74க்கும் இடையில் 36 வேறுபாடு என்றால், ரவுட்டரின் கீழே கிடைப்பதில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான் உங்கள் மேசைக்கு வந்து சேர்கிறது. அதிலும் வேலை நடக்கும், ஆனால் தள்ளாடி நடக்கும். கழித்தல் குறியை விட்டுப் பார்த்தால் 67 அல்லது அதைவிடச் சிறிய எண் இருந்தால் கவலையில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை கனத்த சுவரில் இன்னும் வேகமாக வடிந்துவிடுகிறது. கழித்தல் 88 என்பது இருந்தும் இல்லாத கணக்கு.

எக்ஸ்டெண்டரைப் பின்கட்டில் மாட்டுவதில் பயனில்லை. பசித்தவன் இலையிலிருந்து எடுத்து யாருக்குப் பரிமாறுவது? அலை நன்றாக இருக்கும் நடுக்கூடத்தில் வைத்தால் ஓரளவு பயன் தரும். ஆனால் ஒரே சேனலில் வாங்கவும் கொடுக்கவும் செய்யும் வகையென்றால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மேசையிலிருந்தே கணினியின் கமாண்ட் திரையில் ரவுட்டரின் முகவரிக்குப் பிங் கொடுத்து, மறுமொழி எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். மறுமொழி ஒற்றை இலக்க மில்லி நொடிகளில் சீராக வந்தால் வீட்டுக்குள் குறையில்லை, தாமதம் வெளியே. நூற்றுக்கணக்கில் ஏறியிறங்கினாலோ இடையிடையே மறுமொழியே வராமல் போனாலோ குறை சுவர்களுக்கிடையில்தான்.

தீவுக் கம்பியாளர், தங்கச்சிமடம்

இருபது ஆண்டுகளாக ராமேஸ்வரம் தீவில் விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் கம்பி இழுத்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பிங் பார்ப்பதை நான் தடுக்கவில்லை; ஆனால் முழங்கனச் சுண்ணாம்புச் சுவர் இரண்டு இருக்கும் வீட்டில் முடிவு என்னவாக இருக்கும் என்பது எனக்கு இப்போதே தெரியும். எக்ஸ்டெண்டருக்குக் கொடுக்கும் பணத்தை லேன் கேபிளுக்குக் கொடுங்கள். முன்னறையிலிருந்து பின்கட்டுக்கு வளைந்து நெளிந்து போனாலும் முப்பது மீட்டரைத் தாண்டாது. இந்தக் கம்பி நூறு மீட்டர் வரை தாங்கும்.

ஆனால் நம் கரையில் கம்பி போடுவது மதுரையில் போடுவது போல் அல்ல. இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் கம்பியில் விரலை வைத்தால் உப்பு ஒட்டும். கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் மலிவான கம்பியில் பாதி, அலுமினியத்தின்மேல் செம்பு முலாம் பூசியது. உள்ளே இருக்கும் எட்டு இழைகளில் ஒன்றை உருவி பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறம் ஆழத்திலும் இருந்தால் வாங்குங்கள். வெள்ளி போல் பளபளத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முலாம் கீறிய இடத்தில் உப்பீரம் பட்டால் அலுமினியம் வெள்ளைத் தூளாகிவிடும். முற்றத்தைக் கடக்கும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கம்பிதான் வேண்டும். அதையும் தாழ்வாரத்துக்கு அடியிலேயே கொண்டுபோங்கள், மொட்டைமாடி வழியாக வேண்டாம், இடி மின்னல் காலத்தில் வினையாகும். சுவருக்குள் நுழையும் இடத்தில் கம்பியை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, மேலே வளைத்து உள்ளே விடுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

போன மாதம் ஒரு விடுதியில் வேகம் திடீரென்று பத்தில் ஒன்றாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். கம்பி முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுத் தகடுகளில் ஆறு தங்க நிறத்தில் இருந்தன; ஓரத்து இரண்டில் மட்டும் பித்தளைப் பாத்திரத்தில் பிடிப்பது போலப் பச்சைக் களிம்பு. ஜிகாபிட் (ஆயிரம் மெகாபிட்) வேகத்துக்கு எட்டு இழைகளும் வேண்டும். நூறு மெகாபிட்டுக்கு நான்கு போதும். எனவே இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட முனையைத் துடைத்துப் போட்டுப் பயனில்லை, வெட்டிவிட்டுப் புதிய முனையை அழுத்திப் பொருத்த (கிரிம்ப் செய்ய) வேண்டும். அதற்காகவே இரு பக்கமும் ஒரு முழம் கம்பியைச் சுருட்டி விட்டுவையுங்கள்.

மறுமுனையை நேரே மடிக்கணினியில் செருகினால் போதும். பின்கட்டில் கைப்பேசிக்கும் வைஃபை வேண்டுமென்றால், வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டர் ஒன்றையே அங்கே வைக்கலாம். கம்பியைச் செருகுவதற்கு முன்பே அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். கம்பியை அதன் வான் (WAN) துளையில் அல்ல, லேன் (LAN) துளையில் செருகுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒரே முகவரியில் இரண்டு ரவுட்டர்கள் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் எந்தக் கருவிக்கு எது முகவரி கொடுப்பது என்று அடித்துக்கொள்ளும். முன்னறைக்குச் சேனல் 11 என்றால் பின்கட்டுக்கு 1 வையுங்கள். இரண்டிலும் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகளில் ஆளுக்கு ஆள் 40 என்று வைத்துக்கொண்டு, யாருக்கும் ஒன்றும் வராமல் எல்லோரும் தவிப்பதை நாள்தோறும் பார்க்கிறேன்.

முற்றத்துவீடு, கீழக்கரை

எல்லோருக்கும் நன்றி. பிங் கொடுத்துப் பார்த்தேன். 4, 7, 310, 5, பிறகு மறுமொழி இல்லை, பிறகு 190 என்று வந்தது. கம்பியாளர் ஐயா சொன்னபடி பிளேடோடு கடைக்குப் போனேன். முதலில் காட்டிய கம்பியைச் சுரண்டியதும் வெள்ளையாகத் தெரிந்தது. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வேறு சுருளை எடுத்து வந்தார். தாழ்வார உத்தரத்தின் ஓரமாகக் கம்பி போட்டு மூன்று வாரமாகிறது. மேசையில் பிங் ஒன்றைத் தாண்டவில்லை. இதற்கிடையில் ஆறு முறை மின்சாரம் போய் வந்துவிட்டது. வைஃபை பெயரும் ஒருமுறைகூட மறையவில்லை. இம்மாதம் 20ஆம் தேதிக் கணக்குகளை 17ஆம் தேதியே முடித்துவிட்டேன்.

மாற்றுச் செருகிதான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் புதிய சார்ஜரே வாங்க வேண்டுமா?

வடகடல், தேவிபட்டினம்

வேண்டியதில்லை அம்மா. சார்ஜர் பெட்டியின் மேல் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மடிக்கணினிச் சார்ஜர்களில் அநேகமாக இருக்கும். அந்தப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் உள்ள கம்பி பெரும்பாலும் தனியாகக் கழலக்கூடியது. அதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், பெட்டிப் பக்கத்து முனை அதே வடிவத்திலும், சுவர்ப் பக்கம் நம் ஊர் மூன்று உருண்டை முனைகளோடும் உள்ள கம்பியாகக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். மாற்றுச் செருகியைக் காக்காவிடமே கொடுத்துவிடலாம். ஊருக்கு வரும்போதெல்லாம் அவருக்குத் தேவைப்படும்.